குவாத்தமாலா போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் குவாத்தமாலாவின் ஆன்டிகுவா நகரைப் பற்றி எழுதியதிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஊரின் அழகைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு, உடம்புக்கும் உயிருக்கும் என்ன ஆகும் என்று கேட்டவர்கள்தான் அதிகம். அதனால் இந்த வாரப் பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: டல்லாஸில் வேலை பார்க்கும் என் மகள் தோழியோடு பத்து நாள் குவாத்தமாலா போகிறாள். யூடியூபில் பார்த்தால் கும்பல், துப்பாக்கி என்றே வருகிறது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. வேண்டாம் என்று சொல்லிவிடவா?
(ஒரு அம்மா, தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம் என்று சொல்லாதீர்கள் அம்மா, எப்படிப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். உங்கள் பயம் பொய் இல்லை. 2009-ல் அந்த நாட்டில் லட்சம் பேருக்குச் சுமார் 45 கொலைகள் நடந்தன. இப்போது அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, ஆனாலும் நம் ஊரோடு வைத்துப் பார்த்தால் பல மடங்குதான். ஆனால் அந்த வன்முறையில் பெரும்பங்கு விழுவது யார் மேல் என்றால், கும்பல்களுக்கு மாமூல் கட்டியாக வேண்டிய பஸ் டிரைவர்கள், சின்னக் கடைக்காரர்கள், தலைநகரின் ஓரப் பகுதிகளில் பிறந்த காரணத்தாலேயே மாட்டிக்கொண்ட பையன்கள் மேல். சுற்றுலா வருகிறவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் வழிப்பறி, பிக்பாக்கெட், ஏடிஎம் கார்டு திருட்டு. இவை நேரத்தையும் இடத்தையும் பார்த்து நடந்தால் பெரிய அளவுக்குத் தவிர்க்கக்கூடியவை.

மகள் பகலில் இறங்குகிற மாதிரி விமானம் எடுக்கட்டும். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், ஐம்பது டாலர் கூட ஆனாலும் பரவாயில்லை. குவாத்தமாலா சிட்டி எண் போட்ட மண்டலங்களாகப் பிரிந்த ஊர். விமான நிலையம் 13-வது மண்டலத்தில் இருக்கிறது. அங்கேயோ 10, 14 மண்டலங்களிலோ தங்கலாம். 18-வது மண்டலத்துக்குள் போக ஒரு காரணமும் இல்லை. பழைய நகரமான 1-வது மண்டலத்தைப் பகலில் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் கிளம்பிவிட வேண்டும். நான் சொல்வேன், தலைநகரில் தங்காமல் நேரே ஆன்டிகுவாவுக்குப் போய்விடட்டும். நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம், இருந்தால் இரண்டு.

ஊர் விட்டு ஊர் போக அமெரிக்கப் பள்ளிப் பேருந்துகளை வாங்கி வண்ணம் அடித்து ஓட்டுவார்கள், சிக்கன் பஸ் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்வது அதைத்தான். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் மாமூல் தராத டிரைவர்கள் சுடப்படுவது அந்த பஸ்களில்தான், வளைவுகளில் அவர்கள் ஓட்டும் வேகமும் பயங்கரம். தங்கும் விடுதி ஏற்பாடு செய்து தரும் ஷட்டில் வேனில் போகட்டும். ஊருக்குள் சுற்ற, நம்ம ஊர் பஜாஜ் ஆட்டோவே அங்கே டுக்டுக் என்று ஓடுகிறது, பகலில் தாராளமாக ஏறலாம்.

அதித்லான் ஏரிக்குப் போகும்போது சோலோலா வழியாகப் போகும் வண்டியா என்று கேட்டுக்கொள்ளட்டும். ஏரியின் கிழக்குப் பக்கம் கோதினெஸ் வழியாக வரும் சாலை வழிப்பறிக்குப் பேர்போனது. ஏரிக்கரைக் கிராமங்களுக்கு இடையே நடைபாதைகள் இருக்கின்றன, அழகான பாதைகள், ஆனால் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் இரண்டு பெண்கள் தனியாக நடக்க வேண்டாம். யாராவது கத்தியைக் காட்டினால் போனைக் கொடுத்துவிட வேண்டும், ஒரு வார்த்தை பேசக் கூடாது. பாஸ்போர்ட் நகலும் ஒரு கார்டும் கொஞ்சம் பணமும் வேறு பையில் இருந்தால் போனது போகட்டும் என்று விட மனசு வரும். பணம் எடுப்பது வங்கிக்கு உள்ளே இருக்கும் ஏடிஎம்மில் மட்டும்.

அப்புறம், 1500 என்ற எண்ணை அவள் போனில் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு உதவுவதற்கென்றே அரசு வைத்திருக்கும் எண் அது. போலீஸ் 110. ஆம்புலன்ஸ் வேண்டுமென்றால் தீயணைப்பு வீரர்களைத்தான் கூப்பிட வேண்டும், 122 அல்லது 123. அந்த நாட்டில் ஆம்புலன்ஸ் ஓட்டுவதில் பெரும்பகுதி அவர்கள்தான்.

கேள்வி: அங்கே போன நண்பர்கள் எல்லாருமே வயிற்றைக் கெடுத்துக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். பாட்டில் தண்ணீர்தான் குடித்தோம் என்று சத்தியம் பண்ணுகிறார்கள். பிறகு எப்படி?
(வாசகர், கோவை)

பதில்: அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும். நானும் பாட்டில் தண்ணீர்தான் குடித்தேன். அதித்லான் ஏரிக்கரை ஊரான பானஹச்செலில் மூன்றாம் நாள் வெயில் தாங்காமல் ஒரு பப்பாளி ஜூஸ் வாங்கினேன், ஐஸ் போட்டுத் தந்தார்கள், ராத்திரி இரண்டு மணிக்கு ஆரம்பித்து மறுநாள் முழுவதும் கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடையாக நடந்தேன். தண்ணீர் பாட்டிலில் மட்டும் இல்லையே. ஐஸில் இருக்கிறது, கழுவிய கீரைத் தழையில் இருக்கிறது, ஈரம் காயாத டம்ளரில் இருக்கிறது, பல் துலக்கும்போது வாயில் இருக்கிறது. அங்கே குழாய்த் தண்ணீரை உள்ளூர்க்காரர்களே குடிப்பதில்லை. 'அகுவா பூரா' என்று கேட்டால் சுத்தத் தண்ணீர் தருவார்கள், ஐஸ் வேண்டாம் என்பதற்கு 'சின் ஹியெலோ'. பல விடுதிகளில் மண்பானை மாதிரி ஒன்றைப் பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்திருப்பார்கள். களிமண்ணும் மரத்தூளும் சேர்த்துச் சுட்டு, வெள்ளி பூசிய வடிகட்டி அது, அந்த நாட்டிலேயே செய்கிறார்கள். அந்தத் தண்ணீரை நம்பிக் குடிக்கலாம்.

சாப்பாட்டில் ஒரே கணக்குதான், கண்ணெதிரே சூடாக வருவது நல்லது. தோசைக்கல் மாதிரியான தட்டில் கையால் தட்டிச் சுடும் சோள ரொட்டி, எண்ணெயிலிருந்து எடுத்த பண்டம், கொதிக்கும் சோளக் கஞ்சி, இதையெல்லாம் தெருவோரத்திலேயே சாப்பிடலாம். பிளாஸ்டிக் பையில் நறுக்கி எலுமிச்சை பிழிந்து விற்கும் மாங்காய் வேண்டாம், முழுப் பழமாக வாங்கி நீங்களே உரியுங்கள்.

மீறி வயிறு போய்விட்டால் முதல் வேலை மருந்து தேடுவது இல்லை, போன நீரைத் திரும்ப உள்ளே விடுவது. மருந்துக் கடையில் 'சுவேரோ ஓரால்' என்று கேளுங்கள், நம் ஓஆர்எஸ்தான். கடை மூடியிருந்தால் ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. உப்பைக் கூட்டிவிடாதீர்கள், அது ஆபத்து. வாந்தி வந்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி ஒவ்வொரு வாயாகக் குடிக்க வேண்டும். பேதியை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரை நீண்ட பஸ் பயணத்துக்கு உதவும், ஆனால் மலத்தில் ரத்தமோ, கடுமையான காய்ச்சலோ இருந்தால் அதைத் தொடாதீர்கள், டாக்டரிடம் போங்கள். ஊர் திரும்பிய பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் வயிறு உப்பிக்கொண்டு இளகிப் போனால் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம், மலப் பரிசோதனை செய்து பாருங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினியா?
(வாசகி, ஸ்ரீரங்கம்)

பதில்: இல்லவே இல்லை. கறுப்பு பீன்ஸ், சோள ரொட்டி, அவகாடோ, வறுத்த நேந்திரம் மாதிரிப் பழம், வயிறு நிறையும். கவனிக்க வேண்டியது ஒன்று: மசித்த பீன்ஸைப் பல இடங்களில் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். 'சின் மந்தேக்கா' என்று சொல்லிக் கேளுங்கள். கறி வேண்டாம் என்றால் கோழி தருவார்கள், அவர்கள் கணக்கில் கறி என்றால் மாடுதான், அதனால் கோழியும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: எனக்கு 52 வயது, சர்க்கரை உண்டு, இன்சுலின் போடுகிறேன். அகாதெனாங்கோ எரிமலையில் ஏறி ராத்திரி தங்கி, எதிரே ஃபுவேகோ நெருப்பு கக்குவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. முடியுமா?
(வாசகர், ஹூஸ்டன்)

பதில்: முடியலாம், ஆனால் போய் இறங்கிய மறுநாளே முடியாது. அகாதெனாங்கோ 3,976 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637. ஹூஸ்டனோ கடல் மட்டத்தில் இருக்கும் ஊர். முகாம் போடுவதே 3,500 மீட்டருக்கு மேல், ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கும் அதிகமாக ஏறுவீர்கள், காலடியில் சரளை மணல் வழுக்கும். ஆன்டிகுவா 1,500 மீட்டரில் இருக்கிறது, அங்கே மூன்று நாளாவது இருங்கள். நடுவில் 2,552 மீட்டர் உயரமுள்ள பக்காயா எரிமலையில் ஏறிப் பாருங்கள், அதிலேயே மூச்சு வாங்கினால் உங்களுக்கே பதில் தெரிந்துவிடும்.

உயரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் அதற்குமேல் ஏறக் கூடாது. தடுமாறி நடந்தால், பேச்சு குழறினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினால், ராத்திரியானாலும் உடனே இறங்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காசு கட்டியாகிவிட்டதே என்று மேலே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு பதைக்கும். உயரத்தால் வரும் இந்தத் தொல்லைகளைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை உங்களுக்கு ஒத்துவருமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், சல்ஃபா மருந்து அலர்ஜி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

குளிரைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். 2017 ஜனவரியில் அந்த மலையில் ஆறு பேர் குளிரில் உறைந்து இறந்தார்கள், அத்தனை பேரும் அந்த நாட்டுக்காரர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும், காற்று வேறு. உங்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும், உருகிய பிறகும் வேலை செய்யாது, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதனால் பையில் வைக்காதீர்கள், உள்சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி தூங்கும் பைக்குள்ளும் கூடவே இருக்கட்டும். சர்க்கரை பார்க்கும் மிஷினும் குளிரில் தகராறு பண்ணும், அதையும் அப்படியே வையுங்கள். இவ்வளவு ஏறினால் சர்க்கரை திடீரென்று இறங்கும், அளவு குறைப்பதைப் பற்றி முன்னாலேயே டாக்டரிடம் பேசி எழுதி வாங்கிக்கொண்டு போங்கள், சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும், வழிகாட்டிக்கும் உங்கள் நிலைமை தெரிந்திருக்க வேண்டும்.

முகாமிலிருந்து ஃபுவேகோவின் முகட்டுக்கே கூட்டிப் போகிறோம் என்று கூடுதல் பணம் கேட்பார்கள். போகாதீர்கள். 2018 ஜூன் 3 அன்று அந்த மலை வெடித்தபோது அடிவாரத்து சான் மிகேல் லோஸ் லோத்தெஸ் கிராமம் கொதிக்கும் சாம்பலில் புதைந்து போனது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கே ஓட நேரம் கிடைக்கவில்லை. கிளம்பும் நாள் காலையில் கொன்ரெட் என்னும் அவர்களுடைய பேரிடர்த் துறை என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது மலையேற்றம் எத்தனை மீட்டர் வரை சேரும் என்று படித்துப் பாருங்கள், பல பாலிசிகள் குறிப்பிட்ட உயரத்தோடு நின்றுவிடும்.

கேள்வி: என்னென்ன ஊசி போட வேண்டும்? மலேரியா மாத்திரை தேவையா?
(வாசகி, சென்னை)

பதில்: ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு இரண்டும் போடுங்கள், டெட்டனஸ் போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் அதுவும். தெருநாய்கள் அங்கும் உண்டு, கடித்தால் பதினைந்து நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும், உடனே ஆஸ்பத்திரி, இது நமக்குத் தெரிந்த பாடம்தான். மஞ்சள் காய்ச்சல் குவாத்தமாலாவில் இல்லை. ஆனால் அதே பயணத்தில் பனாமாவிலும் தங்கப் போகிறீர்கள் என்றால் ஊசி போட்டு மஞ்சள் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் இந்தியா திரும்பினால் விமான நிலையத்திலிருந்து தனிமை முகாமுக்கு அனுப்பிவிடக்கூடும். பயணத்துக்குப் பத்து நாள் முன்னாலாவது போட்டாக வேண்டும்.

ஆன்டிகுவா, தலைநகரம், அதித்லான் ஏரி மட்டும் என்றால் மலேரியா பயம் இல்லை. தாழ்வான, வெப்பமான பகுதிகளில் தங்கினால் டாக்டரைக் கேளுங்கள், அந்தப் பக்க மலேரியாவுக்குப் பழைய குளோரோகுவினே இன்னும் வேலை செய்கிறது. கொசுவில் நான் அதிகம் பயப்படுவது டெங்குவுக்குத்தான், 2023, 2024 ஆண்டுகளில் கடுமையாகப் பரவியது. அதைப் பரப்புவது பகலில் கடிக்கும் கொசு. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரினோ ஐப்யூபுரூஃபனோ வேண்டாம். கர்ப்பமாக இருந்தால், அல்லது அதற்கு முயன்றுகொண்டிருந்தால், கொசுவால் பரவிக் கருவைப் பாதிக்கும் ஜிகா வைரஸை நினைத்துப் பயணத்தைத் தள்ளிவைப்பதைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

கேள்வி: மாயா இனக் குழந்தைகளின் உடை அவ்வளவு அழகு. போட்டோ எடுக்கலாமா? சாக்லேட் வாங்கிப் போகலாமா?
(வாசகி, புதுச்சேரி)

பதில்: பெற்றோர் பக்கத்தில் இருந்து, கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும். சாக்லேட் வேண்டாம், கொஞ்சுவதும் தூக்குவதும் வேண்டவே வேண்டாம். 2000 ஏப்ரலில் தோதோஸ் சாந்தோஸ் என்ற மலை ஊரில், குழந்தை பிடிக்க வந்தவர்கள் என்ற வதந்தியில் ஒரு ஜப்பானியச் சுற்றுலாப் பயணியையும் பஸ் டிரைவரையும் கூட்டம் அடித்தே கொன்றது. அந்த நாட்டின் உள்நாட்டுப் போரில் குழந்தைகள் உண்மையாகவே பிடுங்கிக்கொண்டு போகப்பட்டிருக்கிறார்கள், அந்தப் பயம் ஊர் மனசில் இருக்கிறது. நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த சென்னை மூதாட்டியை இதே வதந்திதான் கொன்றது. ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் சந்தையில் அந்தக் குழந்தையின் அம்மா நெய்த துணியைப் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

கேள்வி: அதித்லான் ஏரியில் குளிக்கலாமா?
(வாசகர், மதுரை)

பதில்: ஊர்களின் படகுத் துறையை விட்டுத் தள்ளி, தண்ணீர் தெளிவாக இருக்கும் இடத்தில் குளிக்கலாம், வாயில் போகாமல். பல கிராமங்களின் சாக்கடை அந்த ஏரியில்தான் கலக்கிறது. 2009-ல் நீலப்பச்சைப் பாசி ஏரியில் பெரிய அளவில் படர்ந்தது, இப்போதும் சில சமயம் திட்டுத் திட்டாக வரும். பச்சைப் படலம் தெரிந்தால் காலைக்கூட நனைக்காதீர்கள். படகில் போவதென்றால் காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் ஷோகோமில் என்ற காற்று கிளம்பும், சின்னப் படகு அலையில் தூக்கித் தூக்கிப் போடும். ஏறியதும் லைஃப் ஜாக்கெட் கேளுங்கள், இல்லை என்றால் அடுத்த படகு வரும்.