அரசாங்கம் ஒழுங்காக இயங்காததற்குக் கட்சிகள்தான் காரணமா?

பெரும்பங்கு கட்சிகளுடையதுதான். கொழும்பில் இருக்கும் எங்களுக்கு மேல் மாகாண சபையே கண்கண்ட சாட்சி. கடைசித் தேர்தல் 2014இல் நடந்தது. 2019இல் பதவிக்காலம் முடிந்ததும் நிர்வாகம் ஆளுநர் கைக்குப் போய்விட்டது.

காரணம் என்ன? 2017இல் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்காகத் தொகுதிகளைப் பிரிக்கும் எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுகூட இல்லை. முன்வைத்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறையும் போய், புதியதும் வராமல், எங்கள் வாக்குரிமை அந்தரத்தில் தொங்கியது. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதற்காகக் கட்சிகளே வேண்டாம் என்பதை ஏற்கமாட்டேன். 2023இல் பணமில்லை என்று உள்ளூராட்சித் தேர்தலை நிறுத்தியபோது, வழக்குப் போட்டவர்களில் எதிர்க்கட்சியினரும் இருந்தார்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று 2024இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே மாதம் அந்தத் தேர்தல் நடந்தது.