வேலையில் இருந்தபடியே பிஎச்.டி. நர்சிங்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

செவிலியத்தில் முனைவர் பட்டம் பெறுவது குறித்துப் பெங்களூருவாழ் தமிழ் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்து இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங், எம்.எஸ்சி. நர்சிங் இரண்டையும் முடித்துவிட்டு, திருமணத்துக்குப் பின் பெங்களூரு வந்து, தனியார் மருத்துவமனை ஒன்றின் ஐ.சி.யு.வில் பணிபுரிகிறேன். வேலையை விடாமல் பிஎச்.டி. செய்ய முடியுமா? என்னென்ன தகுதிகள் வேண்டும்?
– வாசகி, விவேக் நகர்

பதில்: முடியும். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. விதிமுறைகள் பகுதிநேர ஆய்வை வெளிப்படையாகவே அனுமதிக்கின்றன. ஆனால் பகுதிநேர மாணவர் தாம் பணிபுரியும் நிறுவனத்திடமிருந்து தடையின்மைச் சான்று பெற்றுத் தர வேண்டும். அந்தச் சான்றில் மூன்று உறுதிகள் இருக்க வேண்டும்: பகுதிநேரமாகப் படிக்க நிறுவனம் அனுமதிக்கிறது, பணிச்சுமை ஆய்வுக்குப் போதிய நேரம் தரும் வகையில் உள்ளது, தேவைப்பட்டால் பாடநெறியை முடிப்பதற்காக மாணவர் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார். நர்சிங் சூப்பரின்டென்டென்ட் "தாராளமாகப் படியுங்கள் சிஸ்டர்" என்று வாயால் சொல்வது அன்புக்கு அடையாளமே தவிர, சேர்க்கைக்கு ஆவணம் ஆகாது. மூன்றாவது உறுதியில் கையெழுத்திடத்தான் நிர்வாகங்கள் பெரும்பாலும் தயங்குகின்றன, ஏனென்றால் ஐ.சி.யு. டியூட்டி அட்டவணையில் ஒருவர் குறைந்தால் அந்தச் சுமை உடன் பணிபுரிபவர்கள் மேல் இறங்குகிறது. எனவே வெறுமனே அனுமதி கேட்காமல், பாடநெறி வகுப்புகள் எந்த மாதங்களில் நடக்கும், அப்போது எந்த ஷிஃப்டில் உங்களால் வர இயலும், மீதி நாட்களுக்கு எந்த விடுப்பைப் பயன்படுத்துவீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கட்டணம் செலுத்துவதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.

தகுதிகளைப் பொறுத்தவரை, முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண் அடிப்படைத் தேவை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், கிரீமி லேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு ஐந்து விழுக்காடு தளர்வு உண்டு. நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர்கள் நேரடியாகப் பிஎச்.டி.யில் சேரலாம் என்று பொது விதி சொல்வதைப் படித்துவிட்டு, பி.எஸ்சி. நர்சிங் முடித்த பலர் நம்பிக்கையோடு கேட்கிறார்கள். செவிலியத்தில் சேர்க்கை அறிவிப்புகள் பொதுவாக எம்.எஸ்சி. நர்சிங்கையே கேட்கின்றன, அது சரியென்றே நான் கருதுகிறேன், ஏனெனில் ஒரு சிறப்புத் துறையில் ஆழ்ந்து பயிலாதவர் அந்தத் துறையில் புதிய அறிவைச் சேர்ப்பது மிகக் கடினம். உங்கள் பதிவு தமிழ்நாட்டு நர்சிங் கவுன்சிலில் மட்டும் இருந்தால், கர்நாடக மாநில நர்சிங் கவுன்சிலிலும் பதிவு செய்து, எம்.எஸ்சி. தகுதியையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும் கடைசி வாரத்தில் இந்த வேலையைத் தொடங்கினால் முடியாது.

அடுத்தது நுழைவுத் தேர்வு. தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வின் பாடப் பட்டியலில் செவிலியம் தனிப் பாடமாக இல்லாததால், பல்கலைக்கழகங்கள் நடத்தும் தேர்வே உங்களுக்கு வழி. வினாத்தாளில் பாதி ஆய்வு முறையியல், மறுபாதி உங்கள் துறை. 50 விழுக்காடு பெற்றவர்கள் நேர்காணலுக்கு அழைக்கப்படுவார்கள். இறுதித் தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்பது எடை. வார்டில் பல ஆண்டுகள் கழித்தவர்களுக்குத் துறைப் பாடம் கைவசம் இருக்கும், புள்ளியியல்தான் மறந்திருக்கும். தயாரிப்பை அங்கிருந்து தொடங்குங்கள்.

சேர்ந்தபின் 12 முதல் 16 கிரெடிட் வரையிலான பாடநெறியை முடித்து, அதில் 55 விழுக்காடு பெற வேண்டும். ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைகள் பற்றிய பாடம் இதில் அடக்கம். பாடநெறியையும் சேர்த்துக் குறைந்தது மூன்று ஆண்டுகள், பொதுவாக அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் வந்து முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். ஆய்வேட்டை நெறியாளரும் வெளியிலிருந்து குறைந்தது இரு வல்லுநர்களும் மதிப்பிட்ட பின், வாய்மொழித் தேர்வு நடைபெறும்.

உங்கள் ஊரிலேயே வாய்ப்புகள் இருப்பது உங்கள் நற்பேறு. ஜெயநகரில் உள்ள ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தில் செவிலியத்தில் பிஎச்.டி. உண்டு. அந்தப் பல்கலைக்கழகத்தோடு இந்திய நர்சிங் கவுன்சில், உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் பிஎச்.டி.க்கான தேசியக் கூட்டமைப்பு ஒன்றையும் உருவாக்கியது. மனநலச் செவிலியத்தில் நாட்டம் உள்ளவர்கள் பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் அறிவிப்புகளைக் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் தங்கள் பங்குக்குப் பணி அனுபவம் போன்ற கூடுதல் நிபந்தனைகளை விதிக்கலாம் என்பதால், அந்தந்த ஆண்டின் அறிவிப்பை முழுமையாக வாசித்த பின்பே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: 'செவிலியர்களின் மன அழுத்தம்' என்ற தலைப்பில் ஆய்வு செய்ய விரும்புகிறேன் என்றேன். நான் அணுகிய பேராசிரியை, தலைப்பு மிகவும் விரிந்தது, யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?
– வாசகி, கே.ஆர்.புரம்

பதில்: அந்தப் பேராசிரியை உங்களுக்கு நல்லதே செய்திருக்கிறார். நம் நர்சிங் கல்லூரிகளில் எம்.எஸ்சி. ஆய்வு என்றால் ஒரு குழுவுக்கு முன்தேர்வு வைத்து, திட்டமிட்ட கற்பித்தல் நிகழ்ச்சி ஒன்றை நடத்தி, ஒரு வாரத்தில் பின்தேர்வு வைத்து, 'அறிவு மதிப்பெண் கூடியது' என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. சொல்லிக் கொடுத்தால் ஏழாம் நாள் மதிப்பெண் கூடத்தான் செய்யும். நோயாளிக்கு என்ன மாறியது என்பதை அந்த ஆய்வு சொல்வதில்லை. அதே ஆய்வை இருநூறு பேரோடு மறுபடி செய்வது முனைவர் பட்ட ஆய்வு ஆகாது என்பதை நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

உங்கள் வார்டில் தினமும் நடப்பதிலிருந்தே தொடங்குங்கள். படுக்கைப் புண்ணை எடுத்துக்கொள்வோம். அதன் அபாயத்தை அளக்கப் பிரேடன் அளவுகோலைப் பல மருத்துவமனைகளில் பயன்படுத்துகிறோம். உணர்திறன், ஈரம், நடமாட்டம், படுக்கையில் அசையும் திறன், ஊட்டம், உராய்வு என்ற ஆறு கூறுகளுக்கும் மதிப்பெண் இட்டுக் கூட்டினால் 6 முதல் 23 வரை வரும். எண் குறையக் குறைய அபாயம் கூடும். காலை ஷிஃப்டில் ஒருவர் 16 போட்ட நோயாளிக்கு இரவு ஷிஃப்டில் இன்னொருவர் 12 போடுகிறார் என்றால், நோயாளியின் நிலை மாறியதா, மதிப்பிட்டவர் மாறியதுதான் காரணமா? மதிப்பெண் குறைந்த பின் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்ததாகச் சார்ட்டில் உள்ள கையெழுத்துகள், உண்மையில் அந்தந்த நேரத்தில் இடப்பட்டவையா? ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் வரை இது நடைமுறையில் சாத்தியம்? இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் அளக்கக்கூடியது, விடை தெரியாதது, விடை கிடைத்தால் நாளைக்கே வார்டில் ஏதேனும் ஒன்றை மாற்றக்கூடியது. இந்த மூன்று குணங்களும் உள்ள கேள்வியே முனைவர் பட்டத்துக்கு உரிய கேள்வி. உங்களுக்கு மன அழுத்தமே முக்கியம் என்றால், இரவு டியூட்டி தொடர்ந்து வரும் வாரங்களில் மருந்து கொடுப்பதில் பிழைகள் கூடுகின்றனவா என்ற அளவுக்கு அதைக் குறுக்கிப் பாருங்கள். அப்போது அதே பேராசிரியை உங்களை உட்காரவைத்துப் பேசுவார்.

பெங்களூரு வார்டுகளில் ஆய்வு செய்பவர்களுக்கு மொழி ஒரு பெரிய பொறுப்பு. ஒரே வார்டில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி பேசுபவர்கள் அடுத்தடுத்த கட்டில்களில் இருப்பார்கள். ஒப்புதல் படிவமும் வினாநிரலும் அவரவர் புரிந்துகொள்ளும் மொழியில் இருந்தாக வேண்டும். மொழிபெயர்த்ததை மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப மொழிபெயர்த்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கேள்விகள் அளக்க வேண்டியதையே அளக்கின்றன என்ற உறுதியை (உள்ளடக்கச் செல்லுபடி) வல்லுநர்களிடம் பெற்று, சிறு குழுவிடம் முன்னோட்ட ஆய்வு நடத்தி, நம்பகத்தன்மையைக் கணக்கிட வேண்டும். இதற்கே பல மாதங்கள் ஆகலாம் என்பதைக் கால அட்டவணையில் முன்கூட்டியே சேருங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு நோயாளியிடம்கூடத் தரவு பெறக் கூடாது. புதிய பராமரிப்பு முறை ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வென்றால், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் மருத்துவப் பரிசோதனை ஆய்வுகளுக்காக நடத்தும் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். 2018 ஏப்ரல் முதல், ஆய்வு தொடங்கிய பிறகு பதிவு செய்வதை அந்தப் பதிவேடு ஏற்பதில்லை.

கேள்வி: ஓராண்டில், ஆன்லைனிலேயே, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் நர்சிங் பிஎச்.டி. வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்சி சொல்கிறது. ஆய்வேட்டையும் அவர்களே எழுதித் தருவார்களாம். உடன் பணிபுரியும் இருவர் முன்பணம் கட்டிவிட்டார்கள். நம்பலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சிவாஜிநகர்

பதில்: நம்ப வேண்டாம், பணம் கட்டியவர்களிடமும் இன்றே சொல்லுங்கள். ஆன்லைன் வழியிலோ தொலைநிலையிலோ பிஎச்.டி. நடத்த விதிகளில் இடமில்லை. வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து கல்வித் தொழில்நுட்ப (எட்டெக்) நிறுவனங்கள் விளம்பரப்படுத்தும் ஆன்லைன் பிஎச்.டி.கள் அங்கீகரிக்கப்படவில்லை என்று மானியக் குழுவும், தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யும் 2022 அக்டோபரில் கூட்டாக எச்சரித்தன. பிஎச்.டி. விதிகளை மீறியதற்காக ராஜஸ்தானில் மூன்று பல்கலைக்கழகங்கள் ஐந்து ஆண்டுகளுக்குப் பிஎச்.டி. மாணவர்களைச் சேர்க்க 2025இல் தடை விதிக்கப்பட்டது. அறிவிப்பில் குறைந்தபட்சக் காலம் மூன்று ஆண்டுகளுக்குக் கீழ் இருந்தாலே அங்கிருந்து விலகிவிடுங்கள். பிறர் எழுதிய ஆய்வேடு வேறோர் ஆபத்து: 2018ஆம் ஆண்டின் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளின்படி ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினாலே திருத்திச் சமர்ப்பிக்க வேண்டிவரும், 60 விழுக்காட்டைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். ஆய்வேடுகள் சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் எல்லோரும் படிக்கும்படி வைக்கப்படுவதால், பட்டம் வாங்கிப் பல ஆண்டுகள் கழித்தும் உண்மை வெளிப்படலாம். நோயாளியின் உயிரோடு தொடர்புடைய தொழிலில் இருப்பவர்கள் பொய்யான தகுதியைச் சுமந்து திரிவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: பிஎச்.டி. இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். குழந்தை பிறக்கவிருக்கிறது. கணவருக்குச் சென்னைக்கு மாற்றல் வரும் போலிருக்கிறது. ஆய்வைக் கைவிட வேண்டியதுதான் என்று மாமியார் சொல்கிறார்.
– வாசகி, அல்சூர்

பதில்: கைவிட வேண்டாம். மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்புக்காக ஆய்வுக் காலம் முழுவதிலும் 240 நாட்கள் வரை விடுப்பு எடுக்க விதி இடமளிக்கிறது. ஆறு ஆண்டுகளில் முடியாதவர்களுக்கு மறுபதிவின் மூலம் இரண்டு ஆண்டுகளும், பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டுகளும் நீட்டிப்பு வழங்கலாம். மொத்தம் பத்து ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. திருமணம் முதலிய காரணங்களால் ஊர் மாறும் பெண் ஆய்வாளர், ஏற்கெனவே சேகரித்த ஆய்வுத் தரவைப் புதிய பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசெல்லவும் வழி உண்டு. ஆனால் அது நிதி நிறுவனத்திடமிருந்து உங்கள் நெறியாளரோ கல்லூரியோ பெற்ற திட்டத்தின் தரவாக இருக்கக் கூடாது. மாற்றல் உறுதியாவதற்கு முன்பே நெறியாளரிடம் பேசி, சென்னையில் உங்கள் துறையில் இடம் காலியுள்ள நெறியாளர் யார் என்று விசாரியுங்கள். பேராசிரியர் எட்டு, இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு ஆய்வாளர்களுக்கு மேல் ஏற்க முடியாது; ஓய்வு பெற மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர் புதிய ஆய்வாளரைச் சேர்க்கவே முடியாது. பலர் பரிவோடு பேசிவிட்டுப் பின்வாங்குவதற்கு இந்தக் கணக்கே காரணம். இந்த விதிகளை உங்கள் மாமியாரிடமும் அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். விடுப்பும் நீட்டிப்பும் உண்டென்று தெரிந்தால் குடும்பத்தின் அச்சம் பெருமளவு குறையும்.

கேள்வி: அமெரிக்காவில் நர்ஸாக இருக்கும் என் மகள் டி.என்.பி. என்ற படிப்பில் சேரப்போவதாகச் சொல்கிறாள். அது பிஎச்.டி.தானா? பிற்காலத்தில் பெங்களூரு திரும்பிக் கல்லூரியில் கற்பிக்க அது உதவுமா?
– வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: டி.என்.பி. என்பது 'டாக்டர் ஆஃப் நர்சிங் பிராக்டிஸ்'. இரண்டும் முனைவர் நிலைப் பட்டங்களே, நோக்கம்தான் வேறு. பிஎச்.டி. புதிய அறிவை உருவாக்கும் ஆய்வாளரை உருவாக்குகிறது, டி.என்.பி. ஏற்கெனவே உள்ள ஆய்வு முடிவுகளைப் படுக்கையருகே கொண்டுவரும் உயர்நிலைச் செவிலியரையும் மருத்துவமனைத் தலைமையையும் உருவாக்குகிறது. அதில் ஆய்வேட்டுக்குப் பதில் பராமரிப்பை மேம்படுத்தும் செயல்திட்டம் ஒன்று இருக்கும். இளநிலைக்குப் பிந்தைய மருத்துவப் பயிற்சி குறைந்தது 1,000 மணி நேரம் வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கின்றன. நோயாளிகளோடு இருப்பதே உங்கள் மகளின் விருப்பம் என்றால் அது மிக நல்ல படிப்பு.

இந்தியாவில் கற்பிப்பதும் ஆய்வு மாணவர்களுக்கு நெறியாளராக இருப்பதும் அவர் கனவென்றால் பிஎச்.டி.யே பொருத்தம், ஏனெனில் இங்கே நெறியாளராகப் பிஎச்.டி.யும் தரமான இதழ்களில் ஆய்வுக் கட்டுரைகளும் வேண்டும். வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைத்தகுதி வழங்க மானியக் குழு 2025இல் வகுத்த விதிகளுக்குள் செவிலியம் போன்ற தொழிற்படிப்புகள் வருவதில்லை. எனவே சேர்வதற்கு முன்பே, படிப்பின் பாடத்திட்டத்தையும் பயிற்சி மணிநேர விவரத்தையும் இணைத்து, செவிலியக் கல்வியை ஒழுங்குபடுத்தும் இந்திய அமைப்புக்கு அவர் எழுத்து மூலம் விண்ணப்பித்து, பதிலையும் எழுத்திலேயே பெற்று வைத்துக்கொள்ளட்டும்.