மூன்றே நாளில் ஏற்கப்பட்ட கட்டுரை

அன்புள்ள அக்கா,

பதுளையில் விலங்கு விஞ்ஞானம் படித்து முடித்திருக்கிறேன். எங்கள் தோட்டத்து லயங்களில் மாடு வளர்க்கும் 46 வீடுகளுக்கு ஒரு வருடம் போய் வந்து, தீவனத்தையும் பால் அளவையும் எழுதி வைத்து ஒரு கட்டுரை ஆக்கினேன். விலங்கு விஞ்ஞானம், புற்றுநோய்க் கல ஆய்வு இரண்டையும் பெயரிலேயே சேர்த்து வைத்திருக்கும் ஒரு சர்வதேசச் சஞ்சிகை கட்டுரை கேட்டு மின்னஞ்சல் அனுப்பியது. அனுப்பினேன். மூன்றாம் நாளே ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. ஒரு திருத்தமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் 400 டொலர் கட்ட வேண்டுமாம். அம்மா சங்கிலியை அடகு வைத்துவிட்டார். எங்கள் சேர் வேண்டாம் என்கிறார். நான் பொய் எதுவும் எழுதவில்லை. மாட்டைப் பற்றிய கட்டுரையால் யாருக்கு என்ன கெடுதல் வரப்போகிறது? எங்கள் தோட்டத்திலிருந்து இப்படிப் பெயர் வரும் முதல் ஆள் நான்தான்.

பி.

அன்புள்ள தங்கச்சி,

பணத்தைக் கட்டாதீர்கள். உங்கள் சேர் சொன்னது சரி. ஏன் என்று சொல்ல என் பெரியம்மாவின் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

பெரியம்மா கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். மார்பில் கட்டி வந்தது. சத்திரசிகிச்சைக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அந்த நேரத்தில் சொந்தக்காரர் ஒருவர் ஓர் ஆங்கிலக் கட்டுரையை அச்சடித்துக் கொண்டுவந்தார். முள்ளுச் சீத்தா இலைச் சாறு புற்றுநோய்க் கலங்களைக் கொல்கிறது என்று அதில் இருந்தது. "புத்தகத்திலேயே போட்டிருக்கு" என்றார்கள். கத்தி வைக்கப் பயந்திருந்த பெரியம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. எட்டு மாதம் இலையை அவித்துக் குடித்தார். திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் எலும்புவரை போயிருந்தது.

அந்தத் தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. முதல் பக்கத்தின் அடியில் இருந்த சின்ன எழுத்தைப் பல வருடம் கழித்துத்தான் கவனித்தேன். கட்டுரை வந்த திகதி, ஏற்கப்பட்ட திகதி. இடையில் நான்கு நாள். உங்கள் கடிதத்தில் "மூன்றாம் நாளே" என்ற சொல்லை வாசித்ததும் எழுந்து போய் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன்.

அந்த ஆய்வு மனிதரில் அல்ல, ஆய்வுகூடத்தில் கலங்கள் வளர்க்கும் ஒரு தட்டில் நடந்தது. 37 பாகை வெப்பம், 5 சதவீதம் காபனீரொட்சைட்டு, கலங்களுக்கு உணவாகக் கன்றுச் சீரம். அந்தச் சீரம், சினை மாடுகளை அறுக்கும் இடங்களில் கருக்கன்றின் இரத்தத்திலிருந்து எடுப்பது. உங்கள் துறையும் புற்றுநோய் ஆய்வும் உண்மையாகவே தொட்டுக்கொள்ளும் இடம் அது. அப்படி வளர்ந்த கலங்களின் மேல் துணி வெளுக்கும் திரவத்தை ஊற்றினாலும் சாகும். அதனால் சாறு கொன்றது என்று மட்டும் சொன்னால் போதாது. நல்ல கலங்களை அது விட்டுவைத்ததா? கொன்றது சாறா, சாற்றைக் கரைத்த மதுசாரமா? குடித்தால் அந்த அளவு கட்டிவரை போய்ச் சேருமா? கட்டுரையை அச்சுக்கு விடுமுன் துறை தெரிந்த இரண்டு மூன்று பேர் வாசித்து இதையெல்லாம் கேட்க வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகும்.

2013இல் ஜோன் பொஹனன் என்ற பத்திரிகையாளர், சஞ்சிகைகள் உண்மையிலேயே வாசித்துப் பார்க்கின்றனவா என்று சோதிக்க ஒரு பொய்க் கட்டுரை எழுதினார். லைக்கனிலிருந்து எடுத்த ஒரு பொருள் புற்றுநோய்க் கலங்களின் வளர்ச்சியைத் தடுக்கிறதாம். (கவ்வாத்து வெட்டும்போது தேயிலைத் தண்டில் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருக்குமே, அந்த இனம்தான்.) வேண்டுமென்றே பிழை வைத்திருந்தார். மருந்து கொடுத்த கலங்களுக்கு மதுசாரமும் போனது, ஒப்பிட வைத்த கலங்களுக்குப் போகவில்லை. அப்புறம் கொன்றது எது என்று எப்படித் தெரியும்? உயர்தர உயிரியல் மாணவரே பிடித்துவிடக்கூடிய பிழை. 304 சஞ்சிகைகளுக்கு அனுப்பினார். 157 ஏற்றுக்கொண்டன, 98 நிராகரித்தன. நிராகரித்தவற்றில் பிளொஸ் வன் ஒன்று. கலங்களை எடுக்கப் பயன்பட்ட விலங்குகளை எப்படி நடத்தினீர்கள் என்ற விவரம் எங்கே என்று கேட்ட ஒரே சஞ்சிகையும் அதுதான். அதுவும் கட்டணம் வாங்கும் சஞ்சிகைதான். காசு வாங்குவதை மட்டும் வைத்து ஒரு சஞ்சிகையைத் தள்ளிவிட முடியாது. உங்கள் கட்டுரையை யாராவது வாசித்தார்களா என்பதைப் பாருங்கள்.

நல்ல சஞ்சிகைகளிலும் பிழை வரும், அதையும் சொல்ல வேண்டும். 1951இல் அமெரிக்காவில் ஹென்றியெட்டா லக்ஸ் என்ற கறுப்பினப் பெண் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயோடு வைத்தியசாலைக்குப் போனார். புகையிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்த கலங்கள்தான் உலகம் முழுக்கப் போன ஹீலா கலங்கள். எங்கள் பெண்களை நினைக்காமல் அந்தக் கதையை என்னால் வாசிக்க முடிந்ததில்லை. அந்தக் கலங்கள் மிக வேகமாகப் பெருகுபவை. பக்கத்துத் தட்டில் ஒன்று விழுந்தாலும் அங்கிருப்பதை மேவிவிடும். வேறு புற்றுநோயை ஆராய்வதாக நினைத்துப் பலர் அவருடைய கலங்களையே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். 1966இலேயே ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியல் ஆய்வாளர் இதைச் சொன்னார். இப்படி அடையாளம் மாறிய பலவகைக் கலங்களை வைத்து எழுதிய கட்டுரைகள் 32,000க்கு மேல் என்று 2017இல் இரண்டு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். கவனமாக வேலை செய்கிறவர்களுக்கே இந்தக் கதி என்றால், ஒருவரும் வாசிக்காத இடத்தில் என்னவெல்லாம் கிடக்கும்?

சரி, உங்கள் மாட்டுக் கட்டுரை. அது உண்மை என்பதால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தச் சஞ்சிகைக்கு உண்மையான கட்டுரைகள் நாலு வேண்டும். இலைச் சாறு புற்றுநோயைக் கொல்கிறது என்று ஐந்தாவதாக ஒன்று வரும்போது, ஊவா மாணவி எழுதிய நேர்மையான பால் கணக்கு அதற்குப் பக்கத்தில் இருந்து சாட்சி சொல்லும். அச்சடித்த தாள் எந்த லயத்துக்குள், யார் கைக்குப் போகும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது.

உங்களுக்கும் இதில் நட்டம்தான். ஒரு வருடம் 46 வீட்டு வாசலில் நின்றிருக்கிறீர்கள். மழைக்காலத்தில் புல் மாறியதைச் சேர்த்தீர்களா, கன்று குடித்த பாலைக் கணக்கில் எடுத்தீர்களா என்று கேட்க ஒருவர் வேண்டாமா? அங்கே ஒருமுறை வந்துவிட்டால் அதே கட்டுரையை வேறெங்கும் கொடுக்கவும் முடியாது.

இன்றே சேரைப் பாருங்கள். கட்டுரையை மீளப் பெறுகிறேன் என்று அவரையும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதிப்புரிமைப் படிவம் எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். மீளப் பெறவும் காசு கேட்பார்கள், மிரட்டுகிற மாதிரி எழுதுவார்கள். கொடுக்காதீர்கள். பேராதனையில் பட்டப்பின் விவசாய நிறுவகம் வெளியிடும் சஞ்சிகை இருக்கிறது. ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தில் நம் நாட்டுச் சஞ்சிகைகள் பல இருக்கின்றன. எது பொருத்தம் என்று சேரோடு இருந்து பாருங்கள். முதல் தடவை திருப்பி அனுப்பினால் அவர்கள் எழுதியதை எனக்கும் அனுப்புங்கள், சேர்ந்து வாசிக்கலாம்.

அந்த 46 வீட்டுக்காரருக்கும் நீங்கள் கண்டதைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள். இந்தத் தளத்திலும் போடுகிறேன்.

அம்மாவின் சங்கிலியை வட்டி ஏறுமுன் மீட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா