பத்து நிமிடத்துக்கும் குறைவான வேலைகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். ஓசூரில் ஒரு வீட்டின் மாடிப் பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மகனுக்கு ஒரு வயது ஏழு மாதம். அவன் பிறப்பதற்கு முன் நான் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். இன்று எத்தனை கோப்புகளை முடித்தேன் என்று மாலையில் சொல்ல முடிந்த காலம் அது.

இப்போது காலை ஐந்தரைக்கு எழுகிறேன். இரவு பத்தரைக்குப் படுக்கிறேன். நடுவில் உட்கார்ந்ததாகவே நினைவில்லை. ஆனால் அவர் வீட்டுக்குள் வந்து, கழுவாத பாத்திரங்களையும் கூடம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் சாமான்களையும் பார்த்துவிட்டு, “நாள் முழுக்க என்ன செய்தாய்?” என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவர் கோபமாகக் கேட்பதில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்கிறார். எனக்கும் தெரியவில்லை என்பதுதான் பயமாக இருக்கிறது.

மகன் சரியாகச் சாப்பிடுவதில்லை. நான்கு வாய்க்குப் பிறகு சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறான். வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டு மாமியார், “பிள்ளை இளைத்துவிட்டான்” என்கிறார். போன வாரம் அவன் கிண்ணத்தை மூன்றாம் முறையாகத் தட்டிவிட்டபோது கையில் ஓர் அடி வைத்துவிட்டேன். அழுதுகொண்டே என்னிடமே வந்து என் கால்களைக் கட்டிக்கொண்டான். அன்று இரவு நான் தூங்கவில்லை.

முன்பெல்லாம் உங்கள் கதைகளை ஒன்றுவிடாமல் படிப்பேன். ஒன்றரை ஆண்டாக ஒரு புத்தகத்தையும் முடிக்க முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

எஸ்.

பின்குறிப்பு: ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். தோசையை அவன் ‘தோ’ என்பான். இப்போது நிலா, குக்கர் மூடி, லாரிச் சக்கரம் எல்லாமே ‘தோ’தான்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்து நான்கு நாட்கள் ஆகின்றன. அன்றே எழுதியிருந்தால் ஏதோ ஆறுதல் சொல்லி முடித்திருப்பேன். மறுபடி படித்தபோது நீங்கள் ஆறுதல் கேட்கவில்லை என்று புரிந்தது. கணக்குப் பார்த்துப் பழகியவர் நீங்கள். ஒரு நாளின் வரவு செலவு நேராகவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகவே நானும் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்தியர்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் ஆய்வு நடத்தியது. 2024இல் மீண்டும் நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்குச் செலவிட்டது 2019இல் நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024இல் பெண்கள் 289, ஆண்கள் 88. பெண்ணுக்குக் குறைந்த பத்து நிமிடத்தை ஆண் ஏற்றுக்கொள்ளவில்லை. அவன் கணக்கிலும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. இந்த எண்களைப் பலரும் எடுத்துச் சொல்கிறார்கள். என்னை உறுத்தியது அந்த ஆய்வு நடந்த விதம். அதிகாலை நான்கு மணியிலிருந்து மறுநாள் நான்கு மணி வரை, நாளை அரை மணி நேரக் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு கேட்டார்கள். 2019 ஆய்வில், ஒரு கட்டத்துக்குள் பல வேலைகள் நடந்திருந்தால், பத்து நிமிடமாவது நீடித்தவற்றில் அதிகபட்சம் மூன்றைத்தான் எழுதிக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய நாட்டில் வேறு விதமாகக் கேட்டு எழுதுவது கடினம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றரை வயதுப் பிள்ளையோடு இருப்பவளுக்குப் பத்து நிமிடம் நீடிக்கிற வேலை என்று ஒன்று இருக்கிறதா?

போன மாதம் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு நாள் மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட, ஒரு வயது மூன்று மாதமான பேத்தியை நான் மட்டும் பார்த்துக்கொண்டேன். காலை பதினொரு மணிக்குக் குக்கரில் பருப்பை ஏற்றிவிட்டுத் திரும்பினால் அவள் செருப்பு அடுக்கின் முன் உட்கார்ந்திருந்தாள். ஒரு செருப்பின் வார் வாயில். வாயைத் துடைத்து, கையைக் கழுவிவிட்டு, செருப்புகளை உயரத்தில் வைத்தேன். கை கழுவிய இடத்தில் தண்ணீர் சிந்தியிருந்தது. வழுக்கிவிடப் போகிறாள் என்று துணி எடுக்கப் போனேன். வருவதற்குள் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாற்று உடைக்காக பீரோவைத் திறந்ததும் அடித்தட்டுத் துணியெல்லாம் வெளியே வந்தது. நான் மடிக்க மடிக்க, அவள் ஒவ்வொன்றாகச் சுமந்துபோய் ஜன்னலோரம் வைத்துவிட்டு வந்தாள், மிகுந்த பொறுப்போடு. விசிலை எண்ண மறந்திருந்தேன். ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். கண்ணைக் கசக்கினாள், தூளியில் போட்டு ஆட்டினேன். கண் செருகுகிற நேரத்தில் தெருவில் வெங்காய வண்டியின் ஒலிபெருக்கி. எழுந்துவிட்டாள். மணி பன்னிரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது. பருப்பு வெந்திருந்தது. அந்த நேரத்துக்கு நான் காட்டக்கூடிய அத்தாட்சி அது ஒன்றுதான்.

ஆனால் எஸ்., அதே நேரத்தில் நடக்காமல் போனவற்றை எண்ணிப் பாருங்கள். அவள் வழுக்கி விழவில்லை. தொண்டையில் எதுவும் சிக்கவில்லை. குக்கர் பக்கம் வரவில்லை. பீரோக் கதவில் விரல் நசுங்கவில்லை. உங்கள் வேலையின் பெரும்பகுதி இப்படி நடக்காமல் போனதில்தான் இருக்கிறது. முடித்த கோப்பைத் தட்டிக் காட்டலாம். விழாத பிள்ளையைக் காட்டி என்ன சொல்வது? அவன் நன்றாக ஓடி விளையாடிக்கொண்டிருப்பான். அதைப் பார்க்கிறவருக்கு, இங்கே ஒருவர் நாளெல்லாம் எழுந்து எழுந்து ஓடியது தெரியாது. ஓடியவருக்கே மாலையில் நினைவிருக்காது. உங்களுக்குப் பதில் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். நீங்கள் மங்கிப்போய்விட்டீர்கள் என்று பயப்படாதீர்கள்.

கிண்ணத்துக்கு வருகிறேன். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ழான் பியாஜே தன் மூன்று பிள்ளைகளையும் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து கவனித்துக் குறிப்பெடுத்தார். அவர் மனைவி வாலன்டீனும் அந்தக் கவனிப்பில் பங்கெடுத்தார். பிள்ளைகள் ஒரு வயதை ஒட்டிய மாதங்களில் ஒரு பொருளைத் திரும்பத் திரும்ப, கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, விழவைத்துப் பார்ப்பதை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். உங்கள் மகன் மூன்றாம் முறை தட்டிவிட்டபோது சோதித்தது கிண்ணத்தை. இந்த முறையும் கீழேதான் போகிறதா, அதே ஓசைதானா, அம்மாவின் முகம் அதேபோல் மாறுகிறதா. பிடிவாதம் என்று நமக்குத் தோன்றுவது பெரும்பாலும் அந்த வயதின் ஆராய்ச்சிதான்.

இது தெரிந்திருந்தால் கோபம் வராது என்று சொல்லமாட்டேன். எனக்கும் வந்திருக்கிறது. அடித்தது தவறு. அதை உணர்ந்துதான் எழுதியிருக்கிறீர்கள். அது ஒன்றுமில்லை என்று சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவன் அழுதுகொண்டே உங்களிடமே வந்ததை ஏதோ தண்டனைபோல எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் மறுக்கிறேன். வலித்தால் எங்கே போக வேண்டும் என்பதில் அவனுக்குத் துளியும் சந்தேகமில்லை. ஒன்றரை ஆண்டாக ஒவ்வொரு அழுகைக்கும் நீங்கள் எழுந்து போனதால் வந்த உறுதி அது. இனி கை ஓங்கும் என்று தோன்றினால் கிண்ணத்தை மேலே எடுத்து வைத்துவிட்டு, அவனைக் கண்ணெதிரே பத்திரமான இடத்தில் உட்காரவைத்துவிட்டு, இரண்டு நிமிடம் தள்ளி நில்லுங்கள். அழட்டும். இரண்டு நிமிட அழுகை அவனை ஒன்றும் செய்துவிடாது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு விஷயம். பிறந்தபோது இருந்த எடை ஒரு வயதில் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இரண்டாம் ஆண்டு முழுவதிலும் கூடுவது இரண்டிலிருந்து இரண்டரைக் கிலோதான். வளர்ச்சியின் வேகம் தணிவதால் பசியும் தணிகிறது; நடக்கத் தொடங்கியதால் உடம்பும் நீண்டு மெலிந்து தெரிகிறது. உங்கள் மாமியார் கண்ணில் பட்டது இதுவாக இருக்கலாம். கைப்பேசித் திரையைப் பார்த்து எடை சொல்ல வேண்டாமே. பக்கத்து அங்கன்வாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். கோடு ஏறிக்கொண்டிருந்தால், ஐந்தாவது வாய்க்காக அவனோடு போராடவே வேண்டாம்.

என் மகள் பிறந்தது 1993இல். கும்பகோணத்தில் ஒரே வீட்டில் நான்கு குடித்தனம், நடுவில் முற்றம், ஒரே கிணறு. நான் பாத்திரம் தேய்க்கும்போது அவள் அடுத்த குடித்தனத்தின் அடுக்களையில் முறுக்குத் தின்றுகொண்டிருப்பாள். அந்த வீட்டை நான் புகழவில்லை. பிள்ளையை எப்படித் தூக்க வேண்டும், எப்போது குளிப்பாட்ட வேண்டும் என்று நான்கு வீட்டுப் பெண்களும் சொல்வார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அழக்கூட இடமில்லை. இருந்தாலும் ஒரு பிள்ளையின் மேல் எப்போதும் எட்டுக் கண்கள் இருந்தன. மாடிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை ஒருத்தி மட்டும் ஒரு பிள்ளையோடு இருப்பது நம் பாட்டிகளுக்குத் தெரியாத வாழ்க்கை. அதை அவர்களின் அளவுகோலால் அளந்து, எல்லாரும்தானே வளர்த்தார்கள் என்று சொல்வது நியாயமில்லை.

உங்கள் கணவரின் கேள்விக்குச் சொல்லால் பதில் சொல்லாதீர்கள். அவருக்கு விடுமுறை வருகிற நாளில், காலை எட்டு மணிக்குப் பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு வெளியே போய்விடுங்கள். தோழி வீட்டுக்கோ நூலகத்துக்கோ போங்கள். வீட்டுக்குள்ளேயே இருந்தால் பிள்ளை உங்கள் புடவையைத்தான் பிடிப்பான், அவரும் டப்பா எங்கே, துணி எங்கே என்று கேட்டுக்கொண்டே இருப்பார். சமைத்து வைத்துவிட்டுப் போகாதீர்கள், எழுதியும் வைக்காதீர்கள். இருட்டுவதற்குள் திரும்பினால் போதும். பாத்திரங்கள் கிடக்கும். கேள்வி கேட்காதீர்கள். ஒரு முறை போதாது, மாதத்துக்கு இரண்டு நாளாவது அப்படி இருக்கட்டும். தெரியாமல் கேட்கிற மனிதர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழியில்லை. அந்த நாட்கள் அவருக்கும் மகனுக்கும் உரியவை என்றும் நான் நினைக்கிறேன்.

தூக்கமின்மையைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அது ஓர் இரவோடு போயிருந்தால் சரி. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், காரணமின்றி அழுகை வந்துகொண்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி-மனஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அழைக்கத் தயங்காதீர்கள்.

என் கதைகளைப் படிக்காததற்கு மன்னிப்பு வேண்டாம். நான் உங்களிடம் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது.

அன்று மாலை மகள் வேலையிலிருந்து திரும்பி, பேத்தி தத்தித் தத்தி வாசல்வரை வந்ததைப் பார்த்துவிட்டு, “அம்மா, நான் எப்போது நடந்தேன்?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பத்து மாதமா, பதினான்கு மாதமா, எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு, ஒன்றும் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பியதும் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தேன். அந்த ஆண்டுகளில் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எப்போதாவது எதையாவது கிறுக்கி வைப்பேன். இருபத்து மூன்று தாள்கள் மிஞ்சியிருக்கின்றன. ஒன்றில், “காக்காவுக்கு டாட்டா சொன்னாள்.” ஒன்றில் பால் கணக்கு. ஒன்றில் “உப்பு என்று சொல்லத் தெரிந்துவிட்டது, சர்க்கரைக்கும் உப்பு என்கிறாள்.” ஒன்றில் “தூங்கவில்லை” என்ற ஒரே சொல். நடந்த நாள் எதிலும் இல்லை. நல்ல தாளையெல்லாம் கதை எழுதுவதற்காகச் சேர்த்து வைத்தேன். வீட்டில் நடப்பது எழுதத் தக்கதல்ல என்று அப்போது உண்மையாகவே நம்பினேன். மூன்று வயதுக்கு முந்தைய நாட்கள் வளர்ந்த பிறகு பெரும்பாலும் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. மகளுக்கு அந்த நாளை எடுத்துச் சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன். நானும் தொலைத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தில் நான் மறுபடி மறுபடி படித்தது பின்குறிப்பைத்தான். தோசையில் தொடங்கி நிலாவுக்கும் லாரிச் சக்கரத்துக்கும் ஒரே சொல்லைக் கொண்டுபோயிருக்கிறான். வட்டம் என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் கண்டுகொண்டிருக்கிறான். பல மொழிகளில் இந்த வயதுப் பிள்ளைகள் இப்படி ஒரு சொல்லை நீட்டிப் பயன்படுத்துவதை மொழியியலாளர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். நிலாவுக்கென்று தனிச் சொல் வந்துவிட்டால் இது போய்விடும், திரும்ப வராது. அது முதலில் நடந்த நாளன்று அவர் உங்களிடம் “என்ன செய்தாய்?” என்று கேட்டிருப்பார். நீங்களும் பதில் தெரியாமல் நின்றிருப்பீர்கள்.

இன்றைய காலண்டர் தாளைக் கிழித்ததும் எறிந்துவிடாதீர்கள். தோசைக்குப் பிறகு அவன் முதலில் ‘தோ’ என்றது எதைப் பார்த்து, குக்கர் மூடியையா, நிலாவையா? எழுதி வையுங்கள். எனக்கும் எழுதுங்கள்.