முதல் ஆண்டின் கட்டுரைகளை என்ன செய்வது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்ற ஆண்டு இதே மாதத்தில் இணையத்தில் எழுதத் தொடங்கினேன். எனக்குக் கணக்குத் துறையில் வேலை. எழுத்து என் பிழைப்பு அன்று; பொழுதுபோக்கு என்றுதான் சொல்லவேண்டும், ஆனால் அந்தச் சொல் போதவில்லை என்றும் தோன்றுகிறது. வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு உட்கார்ந்து எழுதுவேன். இதுவரை 41 கட்டுரைகள் ஆகியிருக்கின்றன. முதல் ஐந்து மாதங்கள் வாரம் ஒன்று தடையில்லாமல் வந்தது. கடைசி மூன்று மாதங்களில் இரண்டே இரண்டுதான் எழுத முடிந்தது.

சென்ற வாரம் எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். தொடக்கத்தில் எழுதியவற்றைப் படிக்கக் கூசியது. முதல் 20 கட்டுரைகளையும் நீக்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். தொடர்ந்து படிப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கலாம்; அவர்களிலும் பாதிப் பேர் உறவினர்கள். இந்த நிலையில் இதைத் தொடர்வதில் பொருள் உண்டா? உண்டென்றால், நாள்தோறும் இத்தனை பக்கம் என்று ஓர் ஒழுங்கை வைத்துக்கொள்ள வேண்டுமா? உங்கள் முதல் ஆண்டு எப்படி இருந்தது என்று எழுதினால் உதவியாக இருக்கும். மூன்று கட்டுரைகளை இணைத்துள்ளேன். என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் ‘படிக்கக் கூசியது’ என்ற இரண்டு சொற்களில் நெடுநேரம் நின்றுவிட்டேன். ஓராண்டுக்கு முன் எழுதியதைப் படிக்கும்போது கூசுகிறது என்றால், அன்று எழுதியவருக்குத் தெரியாத ஏதோ ஒன்று இன்று படிப்பவருக்குத் தெரிந்திருக்கிறது என்று பொருள். அது என்ன என்று கண்டறிய உங்கள் கையில் இருக்கும் சான்று அந்த 20 கட்டுரைகள்தாம். ஆகவே அந்தக் கேள்விக்கு முதலிலேயே விடை சொல்லிவிடுகிறேன்: அவற்றை நீக்காதீர்கள்.

நான் முதல் ஆண்டில் எழுதியவை 34. தொடங்குவதற்கு முன்பே ஒரு நோட்டில் தலைப்புகளைப் பட்டியலிட்டு வைத்திருந்தேன். முதுமை, நட்பு, கல்வி, தனிமை, காலம் என்று எல்லாம் ஒற்றைச் சொல் தலைப்புகள். அவற்றில் ஒன்பதை எழுதியும் முடித்தேன். பிழை என்று சொல்ல அவற்றில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அவை என்னுடையவை என்று சொல்லவும் ஒன்றுமில்லை. வேறு யார் பெயரைப் போட்டிருந்தாலும் பொருந்தியிருக்கும். மீதி 25 கட்டுரைகள் பட்டியலில் இல்லாமல், எங்கிருந்தோ வந்து சேர்ந்தவை. இன்று நான் எழுதும் எல்லாவற்றுக்கும் வேர் அந்த 25இல் இருக்கிறது. அதை அந்த ஆண்டில் நான் அறியவில்லை. அப்போது என்னைக் கேட்டிருந்தால், அந்த ஒன்பதைத்தான் என் சிறந்த கட்டுரைகள் என்று காட்டியிருப்பேன்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். என் தந்தை இறந்து ஆறு மாதம் கழித்து ‘காலம்’ என்ற கட்டுரையை எழுதினேன். முதல் பத்தி காலத்தை நதி என்றது. இரண்டாம் பத்தி சக்கரம் என்றது. மூன்றாம் பத்தி, நாம் அனைவரும் அதில் வந்துபோகிறவர்கள் என்றது. நான்காம் பத்தியில் ஒரு வாக்கியம் வந்தது: ‘அப்பாவின் மூக்குக்கண்ணாடியில் இடது காதில் மாட்டும் பகுதி மட்டும் பளபளப்பு போய் மங்கியிருந்தது, அவர் எப்போதும் அந்தப் பக்கத்தைப் பிடித்துத்தான் கழற்றுவார்.’ அதன் பிறகு மறுபடியும் நதிக்குத் திரும்பிவிட்டேன். அந்தக் கட்டுரைக்கு எனக்கு ஒரே ஒரு கடிதம் வந்தது. முன்பின் அறியாத ஒருவர் எழுதியிருந்தார்: ‘என் அம்மாவின் கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். வலது பக்கம்.’ கடிதம் முழுவதும் அவ்வளவுதான்.

அந்த ஏழு சொற்களை விளங்கிக்கொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின. அவர் நதியைப் பற்றியோ சக்கரத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுந்து போய், ஒரு பெட்டியையோ அலமாரியையோ திறந்து, ஒரு கண்ணாடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்திருக்கிறார். நான் எழுதிய ஒரு வாக்கியம் ஒருவரை எழுந்து நடக்கவைத்திருக்கிறது. அப்படியானால் அதற்கு முன்னால் அந்த மூன்று பத்திகள் எதற்கு வந்தன என்று என்னையே கேட்டுக்கொண்டபோது கிடைத்த விடை எளியது. எனக்கு அச்சம். ஒரு பழைய மூக்குக்கண்ணாடி, முன்பின் தெரியாத ஒருவருடைய நேரத்தைக் கேட்டு வாங்குவதற்குப் போதுமான காரணம் என்று நான் நம்பவில்லை. காலம், வாழ்க்கை என்று பெரிய சொற்களை வாசலில் நிறுத்திவைத்தால்தான் உள்ளே விடுவார்கள் என்று நினைத்திருக்கிறேன்.

இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த 34 கட்டுரைகளையும் தாளில் அச்செடுத்து, ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, வாய்விட்டுப் படித்தேன். கட்டுரை உண்மையில் எந்த இடத்தில் தொடங்குகிறதோ அந்த இடத்தில் ஒரு கோடு போட்டேன். பெரும்பாலானவற்றில் கோடு மூன்றாம் பத்தியிலோ நான்காம் பத்தியிலோ விழுந்தது. முடிவிலும் அப்படியே: சொல்லவேண்டியது முடிந்து ஒரு பத்தி கடந்த பிறகும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன், பெரும்பாலும் படிப்பவருக்கு அறிவுரையாக. மௌனமாகப் படித்தால் கண் தாண்டிப்போகும் இடங்களில் வாய்விட்டுப் படிக்கும்போது நாக்கு தடுக்கிவிடும். எந்த இடத்தில் எனக்கே அலுப்புத் தட்டி வேகமாகப் படிக்கத் தொடங்கினேனோ, அந்த இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டேன். அச்சுப் பத்திரிகைக்கு எழுதுகிறவருக்கு இதைச் செய்ய ஓர் ஆசிரியர் இருக்கிறார். இணையத்தில் தனியாக எழுதுகிறவருக்கு அந்த ஆசிரியராகவும் தானே ஆகவேண்டியிருக்கிறது. எழுதிய சூட்டில் அது இயலாது. எழுதியவர் வேறொருவர் என்று தோன்றும் அளவுக்குக் காலம் கடக்கவேண்டும். உங்களுக்கு இப்போது வந்திருக்கும் கூச்சம், அந்த விலகல் வந்துவிட்டது என்பதற்கான அறிகுறி. அதைக் கொண்டு நீக்கும் பொத்தானை அழுத்துவது பெரிய இழப்பு.

‘காலம்’ கட்டுரையை நான் நீக்கவில்லை. ‘கண்ணாடி’ என்று மீண்டும் எழுதி அதன் பக்கத்திலேயே வைத்தேன். எழுத்துப் பிழைகளை மட்டும் ஓசையில்லாமல் திருத்திவிடலாம். ‘அவரை பார்த்தேன்’ என்று ஒற்றில்லாமல் எழுதியதை ‘அவரைப் பார்த்தேன்’ என்று மாற்றுவதற்கு யாரிடமும் சொல்லவேண்டியதில்லை. கருத்து மாறியிருந்தால் பழையதை அப்படியே விட்டு, தேதியிட்டுக் கீழே ஒரு குறிப்புச் சேர்ப்பதே என் வழக்கம். கட்டுரை என்னும் வடிவத்துக்குப் பிரெஞ்சு மொழியில் பெயர் தந்த மொந்தேய்ன் ஏறத்தாழ இப்படித்தான் எழுதினார். நீதிமன்றப் பதவியை விட்டு 1571இல் தம் வீட்டுக் கோபுர நூலகத்துக்கு ஒதுங்கியவர், 1580இல் முதல் இரண்டு பகுதிகளை வெளியிட்டார். 1588இல் மூன்றாம் பகுதியைச் சேர்த்தபோது பழைய கட்டுரைகளுக்குள்ளும் நூற்றுக்கணக்கான இடங்களில் புதிய வரிகளை நுழைத்தார். அதன் பிறகும் 1592இல் இறக்கும்வரை தம் சொந்தப் பிரதியின் ஓரங்களில் எழுதிக்கொண்டே இருந்தார். அந்தப் பிரதி இன்றும் போர்தோ நகர நூலகத்தில் இருக்கிறது. பழைய எண்ணத்தை நீக்குவதைவிட அதன் அருகில் புதியதைச் சேர்ப்பதிலேயே அவருக்கு நாட்டம் இருந்தது. அவர் தேர்ந்த ‘எஸே’ (essai) என்ற பெயருக்கே ‘முயன்று பார்த்தல்’ என்றுதான் பொருள்.

நீக்காதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தான் எழுதியவற்றில் எது மதிப்புடையது என்று எழுதியவருக்குத் தெரிவதில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, யார் யாரைப் பார்க்க வந்தார்கள், என்ன பேச்சு நடந்தது என்பதையெல்லாம் அரசாங்க விவகாரங்களை எழுதிய அதே கையால் எழுதினார். அச்சில் ஏற்றுவதற்காக அவர் அதை எழுதவில்லை. தமிழில் அது நூலாக வந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். கப்பல் வந்த செய்தியெல்லாம் எதற்கு என்று ஒரு நாள் உட்கார்ந்து அவர் அடித்திருந்தால், இன்று வரலாற்றாய்வாளர்கள் தேடிப் படிக்கும் பகுதிகளில் பாதி இருந்திருக்காது. உங்களையும் பிற்காலம் படிக்கும் என்று ஆறுதல் சொல்வதற்காக இதை எழுதவில்லை. எடை போடும் வேலையை ஓராண்டுக்குள் செய்து முடிக்க அவசரப்படவேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

வாசகர் எண்ணிக்கை பற்றி. முதல் ஆண்டில் காலையில் எழுந்தவுடன் நான் முதலில் பார்த்தது, முந்தைய நாள் எத்தனை பேர் படித்தார்கள் என்ற எண்ணைத்தான். அது கூடிய நாளில் நடையில் ஒரு விரைவு இருக்கும். குறைந்த நாளில் முந்தைய கட்டுரையில் என்ன பிழை என்று தேடுவேன். அந்த எண் திறந்தவர்களைக் காட்டியதே தவிர, முழுதும் படித்தவரையும் முதல் வரியோடு போய்விட்டவரையும் பிரித்துக் காட்டவில்லை என்பது புரிந்த பிறகு பார்ப்பதை விட்டேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி எழுந்த அந்த ஒருவர் அன்றைய எண்ணிக்கையில் ஒன்றாக மட்டுமே இருந்திருப்பார். உங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் மீண்டும் மீண்டும் வருகிறார்கள் என்கிறீர்கள். பகல் முழுவதும் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் எழுதும் ஒருவருக்கு, ஓராண்டில் அது கிடைத்தது பெரிய பேறு என்று மனமாரச் சொல்கிறேன்.

ஆனால் அவர்களில் பாதிப் பேர் உறவினர்கள் என்பதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. அதை நீங்கள் இன்னும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். உறவினர்கள் எழுத்தைப் படிப்பதில்லை, உங்களைப் படிக்கிறார்கள். சோர்வைப் பற்றி எழுதினால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். ஒரு பழைய சண்டையைப் பற்றி எழுதினால் அது யாரைச் சொன்னது என்று கணக்குப் போடுவார்கள். அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆயினும் எழுதும்போது அவர்கள் முகம் கண்முன் வந்துவிட்டால் கை தானாகவே பாதுகாப்பான பொதுக்கருத்துகளின் பக்கம் ஒதுங்கிவிடும். என் அத்தை படிக்கிறார் என்ற ஒரே காரணத்தால் நான் ஈராண்டு தள்ளிப்போட்ட கட்டுரை ஒன்று உண்டு. இப்போது நான் செய்வது இது: முதலில் யாருக்கும் காட்டுவதில்லை என்ற உறுதியோடு முழுவதையும் எழுதிவிடுவேன், வெளியிடுவதா என்பதைச் சில மாதங்கள் கழித்து முடிவுசெய்வேன். வெளியிடாமல் வைத்திருப்பவையும் என் எழுத்துதான். அடுத்து எழுதுபவற்றுக்கு உரம் அங்கிருந்து வருகிறது.

நாள்தோறும் எழுதும் ஒழுங்கு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி ட்ரோலப் அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். காலை ஐந்தரைக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதியதாக அவரே பதிவுசெய்திருக்கிறார். தம்மை எழுப்பிவிடுவதற்காகவே பணியாளர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். அந்த உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அவர் பதிப்பாளருக்குக் கெடு சொல்லிவிட்டு எழுதியவர். உங்களிடம் யாரும் கெடு கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் இந்த எழுத்தின் சுதந்திரம். முதல் ஐந்து மாதம் வாரந்தோறும் வந்ததற்குக் காரணம், பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த கையிருப்பு. கணக்குத் துறையில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை: அந்த இருப்பு தீர்ந்திருக்கிறது. எனக்கும் ஒன்பதாம் மாதத்தில் அப்படித் தீர்ந்தது. இனி வருவது அன்றன்றைக்குச் சேர்க்கவேண்டியது. கட்டுரை வராத நாளில் கண்ணில் பட்ட ஒன்றைப் பற்றி இரண்டு வரி மட்டும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், கருத்து எதுவும் சேர்க்காமல். வாரத்தில் ஓர் இரவை மட்டும் எழுத்துக்கென்று ஒதுக்கினால் போதும்.

இடையில் ஒரு நடைமுறைச் செய்தி. 41 கட்டுரைகளையும் யூனிகோடில், வெறும் உரைக்கோப்பாக, இரண்டு இடங்களில் சேமித்துவையுங்கள். லட்சக்கணக்கானோர் தங்கள் பக்கங்களை வைத்திருந்த ஜியோசிட்டீஸ் என்ற இணையத்தளம் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. யூனிகோடு பரவுவதற்கு முன் தனித்தனி எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ்ப் பக்கங்கள் பல, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குறிகளாகத்தான் தெரிகின்றன.

இனி நீங்கள் அனுப்பிய மூன்று கட்டுரைகள். தன்னம்பிக்கை பற்றியது, என் அந்த ஒன்பதைப் போன்றது. ஆண்டு முடிவில் கணக்கை நேர்செய்யும் இரவைப் பற்றியது நன்று. ஒரு ரூபாய் வித்தியாசத்தைத் தேடி மூன்று பேர் விடியும்வரை உட்கார்ந்திருப்பதைப் பதறாமல் எழுதியிருக்கிறீர்கள், கடைசிப் பத்தி மட்டும் வேண்டாம். மூன்றாவது, 43 வயதில் நீச்சல் கற்கப்போனது. நீங்கள் இட்டிருக்கும் எண்படி அது உங்கள் ஏழாவது கட்டுரை, அதாவது நீக்கிவிட நினைக்கும் இருபதில் ஒன்று. அதன் முதல் இரண்டு பத்திகளும், கற்பதற்கு வயது தடையில்லை என்று எல்லோரும் சொல்வதைத்தான் சொல்கின்றன. மூன்றாம் பத்தியில், குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்திருந்த கையில் சுண்டுவிரல் முதலில் விலகியது, பிறகு மோதிர விரல், மற்ற மூன்றும் விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தேன். நீங்களோ அடுத்த வரியிலேயே விடாமுயற்சியைப் பற்றிப் பேசப் போய்விட்டீர்கள். மற்ற மூன்று விரல்களும் அன்று கம்பியை விட்டனவா, விட்டபோது தண்ணீர் எதுவரை வந்தது என்று கட்டுரையில் எங்கும் இல்லை. அதை எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.