பஸ் ஸ்டாண்ட் போனா வியாபாரமும் போயிடுமா?

கேள்வி: கோயம்பேட்டுல இருந்த தென் மாவட்ட பஸ்ஸெல்லாம் கிளாம்பாக்கம் போயிடுச்சு, அங்க ஒரு டிபன் கடை போட்டா நல்லா ஓடும்னு என் வீட்டுக்காரர் சொல்றாரு. பஸ் ஸ்டாண்ட் மாறினா வியாபாரமும் கூடவே மாறிடுமா சார்?
- வாசகி, குரோம்பேட்டை

பதில்: எல்லா வியாபாரமும் மாறாதும்மா. கோயம்பேட்டையே எடுத்துக்கோங்க, கொத்தவால் சாவடி சந்துகள்ல லாரி நுழைய முடியாம திணறின காய்கறி மார்க்கெட்ட 1996ல அங்க கொண்டுவந்தாங்க, பஸ் ஸ்டாண்ட் வந்தது 2002லதான். மார்க்கெட்டுக்கு வேண்டியது ராத்திரி லாரி வந்து லோடு இறக்க இடமும் ரோடும், அதனால 2023 டிசம்பர் கடைசில கிளாம்பாக்கம் தொறந்து பஸ்ஸெல்லாம் அங்க போனப்பவும் அது அசையல. அடி வாங்கினது பயணிகள நம்பியிருந்த லாட்ஜும் மெஸ்ஸும் டீக்கடையும்தான், அவங்கள நினைச்சா எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு.

பாரிமுனைய பாருங்க, வெளியூர் பஸ் அங்கிருந்து போயி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆனாலும் துணிக்கு கோடவுன் தெரு, பேப்பருக்கும் கல்யாணப் பத்திரிகை அடிக்கவும் ஆண்டர்சன் தெரு, ரெண்டும் அங்கயேதான் இருக்கு. ஹார்பரும் ரயிலும் பக்கத்துல இருந்ததால சேர்ந்த கடைங்க அதெல்லாம், இப்ப நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்கலாம், ஒருத்தர்கிட்ட இல்லாத சரக்க பக்கத்து கடைல வாங்கிக்கலாம்னு ஜனம் தேடி வருது. ரங்கநாதன் தெரு வேற கதை, மாம்பலம் ஸ்டேஷன்ல இறங்குற கூட்டம் உஸ்மான் ரோட்டுக்கு நடந்துபோற வழி அது, அந்த நடைதான் முதல்ல அங்க கடைகள கொண்டுவந்துச்சு, பெரிய ஜவுளிக்கடைங்க எல்லாம் வந்த பிறகு அந்த கடைகளுக்காகவே ட்ரெயின் ஏறி வர ஆரம்பிச்சுட்டாங்க.

உங்க டிபன் கடை யாரும் தேடி வர்ற கடை இல்ல, ஜனம் நடக்குற வழியில இருந்தாதான் பிழைக்கும். அதனால பஸ் ஸ்டாண்ட் பக்கத்துலனு மட்டும் சொல்லி இடம் காட்டினா நம்பாதீங்க, சிட்டி பஸ்ஸ விட்டு இறங்குறவங்க எந்தப் பக்கமா நடந்து வெளியூர் பஸ்ஸுக்கு போறாங்கனு நின்னு பாருங்க. பஸ் ஸ்டாண்ட் முன்னாடி போற ஜிஎஸ்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடைன்னா, மூட்டை முடிச்சோட எவ்வளவு பேர் ரோட்ட தாண்டி வருவாங்க? ஊர்லருந்து வர்ற பஸ் விடியக்காலைல வரும், போற பஸ் பெரும்பாலும் ராத்திரிதான், அந்த ரெண்டு நேரமும் உங்களால கடைய தொறந்து வைக்க முடியுமானு யோசிங்க. நடைமேம்பாலம் மாதிரி ஏதாவது வருதானும் விசாரிங்க, ஜனம் மேலயே நடந்து போயிட்டா கீழ இருக்குற கடைக்கு வராது. இதெல்லாம் பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுங்க.