மகள் வினையூக்கி ஆராய்ச்சிக்குப் போக விரும்புகிறார்: பட்டர்வொர்த் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

மலேசியாவில் பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்டிபிஎம் தேர்வில் நல்ல புள்ளிகள் பெற்ற உங்கள் மகள், பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை கிடைக்கக்கூடிய படிப்புகளை ஒதுக்கிவிட்டு, சின்கேஸிலிருந்து இரசாயனப் பொருள்களைத் தயாரிக்க உதவும் வினையூக்கிகளை, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள்களைப் பற்றித்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். இது எண்ணெயோடு சேர்ந்து மறையப்போகும் துறையா, இதற்கு இந்நாட்டில் வேலை உண்டா, பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பானதா என்று மூன்று கேள்விகளும் கேட்டிருந்தீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துறையை மறுக்க வேண்டாம்; ஆனால், வேதியியல் பட்டத்தைவிட இரசாயனப் பொறியியல் பட்டத்தின் வழியாக இத்துறைக்குள் போகச் சொல்லுங்கள்.

சின்கேஸ் என்பது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சேர்ந்த கலவை. இயற்கை வாயுவை நீராவியுடன் சேர்த்து, 800 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் நிக்கல் வினையூக்கியின் மேல் செலுத்தினால் இது கிடைக்கும். அடுத்து எந்த வினையூக்கியைப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து, அதே கலவை வெவ்வேறு பொருளாக மாறுகிறது. செம்பும் துத்தநாக ஆக்சைடும் அலுமினாவும் கலந்த வினையூக்கி மெத்தனாலைத் தரும். ஐசிஐ நிறுவனம் 1966-இல் கொண்டுவந்த இந்த முறைதான் இன்றைய மெத்தனால் ஆலைகளுக்கு அடிப்படை. கோபால்ட்டும் இரும்பும் மெழுகையும் டீசலையும் தரும். ஜெர்மனியில் ஃபிஷரும் டிராப்ஷும் 1925-இல் கண்டறிந்த வழி அது. இவையெல்லாம் தொலைதூர நாட்டுக் கதைகள் என்று எண்ண வேண்டாம். லாபுவானில் பெட்ரோனாஸ் மெத்தனால் தயாரிக்கிறது. சரவாக்கின் பிந்துலுவில் ஷெல் 1993 முதல் இயற்கை வாயுவை மெழுகாகவும் எரிபொருளாகவும் மாற்றுகிறது. குவாந்தானை அடுத்த கெபெங்கில், புரோப்பிலீனுடன் சின்கேஸைச் சேர்த்து, மென்மையான பிவிசி தயாரிப்புக்கு வேண்டிய ஆல்கஹால்கள் உருவாகின்றன.

எண்ணெய் தீர்ந்தால் இத்துறையும் தீரும் என்ற உங்கள் அச்சத்துக்கு விடையும் இங்கேயே இருக்கிறது. கார்பன் உள்ள எதிலிருந்தும் சின்கேஸைப் பெறலாம்: நிலக்கரி, குப்பை, செம்பனை ஆலைகளில் மலையாகக் குவியும் வெற்றுக் குலைகள் என எதுவும் ஆகும். ஆனால் குலையிலிருந்து வரும் வாயுவில் தாரும் பொட்டாசியம் உப்புகளும் கந்தகமும் கலந்திருக்கும். அவை வினையூக்கிக்கு நஞ்சாகி அதைச் செயலிழக்க வைக்கும். வாயுவை மலிவாகத் தூய்மை செய்வது, அல்லது அந்த அழுக்கைத் தாங்கும் வினையூக்கியை உருவாக்குவது என இரண்டிலும் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. செம்பனை விளையும் நாட்டில் பிறந்த மாணவிக்கு இது இயல்பாகவே கைக்கெட்டும் ஆய்வுப்பொருள்.

உங்கள் மகள் செய்யப்போகும் அன்றாட வேலை எப்படியிருக்கும் என்பதையும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது. ஏனெனில் பலர் இதில்தான் மனம் தளர்ந்து விலகுகிறார்கள். பென்சில் தடிமனுள்ள எஃகுக் குழாயில் ஒரு கிராம் அளவு வினையூக்கித் தூளைச் சலித்து, வெப்பம் ஓரிடத்தில் தேங்காதிருக்கச் சிலிக்கான் கார்பைடு துகள்களுடன் கலந்து அடைத்து, முதலில் ஹைட்ரஜனில் ஒடுக்கி (அதாவது அதன் ஆக்சிஜனை நீக்கி), பிறகு உயர் அழுத்தத்தில் சின்கேஸை விட்டு, வெளிவரும் வாயுவை, அதன் கூறுகளைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியால் மணிக்கணக்கில், நாள்கணக்கில் அளந்துகொண்டே இருக்க வேண்டும். உள்ளே போன கார்பனும் வெளியே வந்த கார்பனும் கணக்கில் ஒத்துவரவில்லை என்றால் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. சில வேளைகளில் குற்றம் வினையூக்கியில் இருக்கவே இருக்காது: எஃகு உருளையில் அடைத்த கார்பன் மோனாக்சைடு, உருளையின் இரும்போடு வினைபுரிந்து இரும்பு பென்டாகார்பனைல் என்ற ஆவியை உண்டாக்கும்; அது குழாய்க்குள் சிதைந்து வினையூக்கியின் மேல் இரும்பைப் படியவைத்து, முடிவுகளையே திரித்துவிடும். இதைத் தெரிந்தவர்கள் அலுமினிய உருளையை வாங்குவார்கள், அல்லது அந்த ஆவியைப் பிடிக்கும் வடிகட்டியை இடையில் பொருத்துவார்கள். இப்படிப்பட்ட துப்பறியும் வேலையில் அவருக்கு ஆர்வம் இருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள். மதிப்பெண்ணைவிட இதுவே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஃபிஷர்-டிராப்ஷ் வினையில் கார்பன் அணுக்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து சங்கிலி நீள்கிறது. எந்த நீளத்தில் அது நிற்கும் என்பது நிகழ்தகவைப் பொறுத்தது என்பதால், இரண்டு முதல் நான்கு கார்பன் கொண்ட பொருள்களை ஏறத்தாழ 58 விழுக்காட்டுக்கு மேல் பெற முடியாது என்பது நெடுநாள் கணக்கு. 2016-இல் சீனாவின் டாலியன் நகர ஆய்வாளர்கள், துத்தநாக-குரோமிய ஆக்சைடையும் நுண்துளைகள் கொண்ட சியோலைட் வகைப் பொருளையும் ஒன்றாக வைத்து, கிடைத்த ஹைட்ரோகார்பன்களில் 80 விழுக்காடு, இரண்டு முதல் நான்கு கார்பனும் இரட்டைப் பிணைப்பும் கொண்ட சிறிய ஒலிஃபின்களாக இருக்கச் செய்தனர். ஆனால் அப்போது கார்பன் மோனாக்சைடில் 17 விழுக்காடுதான் மாறியிருந்தது. அதிலும் கணிசமான பகுதி கார்பன் டை ஆக்சைடாகப் போனது அந்த 80-க்குள் வராது. தலைப்பு எண்ணைக் கண்டு மயங்காமல் எதை விட்டுவிட்டுக் கணக்கிட்டார்கள் என்று பார்க்கும் பழக்கத்தை உங்கள் மகள் முதல் ஆண்டிலேயே வளர்த்துக்கொள்ளட்டும்.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை உங்கள் கவலையில் நியாயம் உண்டு. பெரிய ஆலைகள் வினையூக்கியைப் பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து தொழில்நுட்ப உரிமத்தோடு வாங்குகின்றன. எனவே புதிய வினையூக்கியை உருவாக்கும் பணியிடங்கள் இங்கே குறைவு. அவற்றுக்கும் முனைவர் பட்டம் எதிர்பார்க்கப்படும். பொறியியலுக்கு நான்கு ஆண்டு, அதன்மேல் ஆராய்ச்சிக்கு மூன்று நான்கு ஆண்டு என்றால் முப்பதை நெருங்கும்போதுதான் நிலையான வேலை அமையும். கல்யாணப் பேச்சை அதற்கு முன்பே எடுப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதை இப்போதே மகளிடம் மனம்விட்டுப் பேசிவிடுங்கள். பிந்துலுவில் வேலை கிடைத்தால், தீபகற்பத்திலிருந்து செல்பவருக்குச் சரவாக் பணி அனுமதி தேவைப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதனால்தான் பொறியியலை வலியுறுத்துகிறேன். பொறியியல் அங்கீகார மன்றம் ஏற்ற பட்டம் இருந்தால் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம்; நடுவில் ஆராய்ச்சி வேண்டாம் என்று தோன்றினாலும், ஆலையில் வினையூக்கியின் ஆயுளைக் கண்காணிக்கும் செயல்முறைப் பொறியாளராகப் போகலாம். வேதியியல் படித்தவருக்கு வினையூக்கியைத் தயாரிப்பதிலும் ஆராய்வதிலும் கூடுதல் ஆழம் கிடைக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆலைக்குள் செல்லும் வழி அவருக்குக் குறுகலானது.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டபோது பிந்துலு ஷெல் ஆலை வெடிப்பைக் குறிப்பிட்டிருந்தீர்கள். 1997 டிசம்பரில் வெடித்தது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் பகுதி. அவ்வாண்டுக் காட்டுத்தீப் புகைமூட்டத்தின் நுண்துகள்கள் உள்ளே சேர்ந்ததே காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. வினையூக்கிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆய்வகத்தில் உண்மையான ஆபத்து, மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடுதான். உணர்கருவியும் காற்றுப்போக்கி உள்ள உருளை அலமாரியும் இல்லாத ஆய்வகத்தில் அவர் கால் வைக்க வேண்டியதில்லை.

நிபோங் திபாலில் உள்ள யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகத்தில் இரசாயனப் பொறியியல் இருப்பதால், அதை அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யுபியு விண்ணப்பத்தில் முதலில் வைக்கலாம். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கும் செர்டாங்கில் யுபிஎம் எனும் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்துக்கும் வினையூக்கிக்கெனத் தனி ஆய்வு மையங்கள் உண்டு. தேர்வை உறுதி செய்வதற்கு முன் மகளை அழைத்துக்கொண்டு துறைக்கு நேரில் சென்று, உயர் அழுத்த வினைக்கலன் இப்போது இயங்குகிறதா, இறுதியாண்டு மாணவர்கள் குரோமட்டோகிராஃபைத் தாங்களே இயக்குகிறார்களா அல்லது மாதிரியைக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறார்களா, தொழிற்பயிற்சிக்கு எந்த ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள் என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். விரிவுரையாளர் கருவியைக் காட்டியே பதில் சொன்னால் அங்கே சேர்க்கலாம். பேச்சிலேயே நிறுத்தினால் வரிசையை மாற்றுங்கள்.